அதே மருந்து, வேற கம்பெனி: மனநல மாத்திரை வாங்கப் புதிதாகப் போகிறவர்களுக்கு

மனநல மருத்துவரிடம் போக ஆரம்பித்த வீட்டில் இரண்டாம் மாதமோ மூன்றாம் மாதமோ இந்தக் குழப்பம் கட்டாயம் வரும். போன மாதம் வாங்கியது வெள்ளை நிற வட்ட மாத்திரை. இந்த மாதம் கடையில் கொடுத்தது மஞ்சள் நிறம், நீள வடிவம், அட்டையில் வேறு பெயர். கேட்டால், "அதே மருந்துதாண்ணே, கம்பெனி மட்டும் வேற" என்கிறார் கடைக்காரர். வீட்டுக்கு வந்தால் பக்கத்து வீட்டு அக்கா, "விலை கொறஞ்சதுல பவர் இருக்காது" என்கிறார். சாப்பிட வேண்டியவரோ மாத்திரை என்றாலே முகம் சுளிப்பவர். அவர் கையில் புது நிற மாத்திரையைக் கொடுத்துவிட்டு என்ன சமாதானம் சொல்வது?

கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டம் பக்கம் மருந்துக்கடைக் கவுண்ட்டருக்கு உள்ளே நின்று பழகியவன் நான். மலிவான மாத்திரை சாப்பிட்டதால் கெட்டுப்போனவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. சொல்லாமல் மாற்றிக் கொடுத்த மாத்திரையால் தடுமாறியவர்களையும், விலை கட்டாமல் பாதியில் நிறுத்திவிட்டு மறுபடி ஆசாரிபள்ளம் அரசு மருத்துவமனைக்கு ஓடியவர்களையும்தான் பார்த்திருக்கிறேன். ஆகவே "ஜெனரிக்கா, பிராண்டா" என்று மண்டையை உடைத்துக்கொள்வதை விட, கையில் இருப்பது எந்த மருந்து, எவ்வளவு, எந்த வகை என்று தெரிந்துகொள்வதுதான் முக்கியம். அதற்கான வழிகளைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில், எது பிராண்ட், எது ஜெனரிக்?

ஒரு மருந்தை முதலில் உருவாக்கிய கம்பெனிக்குக் காப்புரிமை இருக்கும். அது முடியும் வரை மற்றவர்கள் அந்த மருந்தைச் செய்து விற்க முடியாது. ஃப்ளூஆக்ஸெடின் என்ற மனச்சோர்வு மருந்தை எலி லில்லி கம்பெனி 'ப்ரோசாக்' என்ற பெயரில் கொண்டுவந்தது. அமெரிக்காவில் 1987இல் அனுமதி கிடைத்தது. செர்ட்ராலினை ஃபைசர் 'ஸோலாஃப்ட்' என்று விற்றது. எஸ்சிட்டாலோப்ராமை டென்மார்க்கின் லுண்ட்பெக் 'சிப்ராலெக்ஸ்' என்று விற்கிறது. காப்புரிமை முடிந்தபின் அதே மருந்தை மற்ற கம்பெனிகள் செய்தால் அது ஜெனரிக்.

நம் நாட்டில் கதை கொஞ்சம் வேறு. 1970ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் மருந்துக்கு உரிமை தரவில்லை, செய்யும் முறைக்கு மட்டும்தான் தந்தது. 2005இல் சட்டம் மாறும் வரை இதுதான் நிலைமை. அதனால் நம் கம்பெனிகள் வேறு முறையில் அதே மருந்தைச் செய்து, ஆளுக்கொரு பெயர் வைத்து விற்றார்கள். இன்றைக்கு நாகர்கோவில் மணிமேடைப் பக்கம் எந்த மருந்துக்கடையில் நுழைந்தாலும், அலமாரியில் இருக்கும் மனநல மாத்திரைகளில் அநேகமாக எல்லாமே இந்த ரகம்தான். மருந்து ஜெனரிக், அட்டையில் மட்டும் கம்பெனி வைத்த பெயர். டாக்டர் எழுதிய 'பிராண்ட்' மாத்திரையும் கடைக்காரர் மாற்றித் தந்த 'வேற கம்பெனி' மாத்திரையும் பெரும்பாலும் அண்ணன் தம்பிதான்.

இது போக, கம்பெனி வைத்த பெயர் இல்லாமல் மருந்தின் பெயர் மட்டும் அச்சிட்ட மாத்திரைகள் உண்டு. அரசு மருத்துவமனையில் கொடுப்பதும், மத்திய அரசுத் திட்டத்தில் நடக்கும் மக்கள் மருந்தகத்தில் கிடைப்பதும் இந்த வகை. இவற்றின் விலை ஏன் இவ்வளவு குறைவு? விளம்பரம் இல்லை, மருத்துவரைப் பார்க்க வரும் கம்பெனிப் பிரதிநிதி இல்லை, இடையில் கைமாறும் லாபம் கொஞ்சம். விலை இறங்குவது பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான்.

விலை குறைவு என்றால் வேலை குறைவா?

இந்தச் சந்தேகத்தை அலட்சியமாகத் தள்ள முடியாது. கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

ஒரு ஜெனரிக் மாத்திரை மூல மாத்திரைக்குச் சமம் என்று நிரூபிக்க ஒரு சோதனை உண்டு. ஆரோக்கியமான சிலருக்கு இரண்டையும் வெவ்வேறு நேரத்தில் கொடுத்து, இரத்தத்தில் மருந்து எவ்வளவு ஏறுகிறது, உச்ச அளவு எவ்வளவு என்று அளப்பார்கள். இரண்டுக்கும் உள்ள விகிதம் 80 முதல் 125 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். இதைக் கேட்டதும், "அப்போ இருபது சதவீதம் மருந்தைக் குறைச்சுப் போட்டாலும் பாஸா?" என்று பலர் கேட்கிறார்கள். அப்படி இல்லை. மாத்திரைக்குள் போடும் மருந்தின் அளவு வேறு விஷயம், அதற்குத் தனி வரம்பு இருக்கிறது. இந்த 80-125 என்பது சோதனையின் சராசரிக்கு மட்டும் போடும் எல்லையும் இல்லை. சராசரியைச் சுற்றியுள்ள பிழை வரம்பு முழுவதும் அதற்குள் அடங்கியாக வேண்டும். சராசரி 20 சதவீதம் தள்ளி இருந்தால் அந்த மாத்திரை தேறவே தேறாது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனத்தினர் 1996 முதல் 2007 வரை வந்த 2,070 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, உடம்பில் சேரும் மருந்தின் அளவில் சராசரி வித்தியாசம் சுமார் 3.5 சதவீதம்தான் இருந்தது.

ஆனால் சறுக்கிய கதையும் உண்டு. அமெரிக்காவில் பியூப்ரோப்பியான் என்ற மனச்சோர்வு மருந்தின் ஒரு ஜெனரிக் வந்தது. பெயர் 'புடெப்ரியான் எக்ஸ்எல் 300', செய்தது இம்பாக்ஸ், விற்றது டெவா. நாள் முழுக்க மெதுவாகக் கரைய வேண்டிய மாத்திரை. மாற்றிச் சாப்பிட்டவர்கள், மனச்சோர்வு திரும்ப வருகிறது, தலைவலிக்கிறது என்று புகார் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 'எல்லாம் மனப்பிரமை' என்றுகூடப் பேச்சு வந்தது. பிறகு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமே சோதனை செய்தது. மாத்திரை சமமாக இல்லை என்று தெரிந்து, 2012 அக்டோபரில் அது சந்தையை விட்டுப் போனது. அனுமதி கொடுத்தபோது 300 மி.கி. மாத்திரையைத் தனியாகச் சோதிக்கவில்லை, 150 மி.கி. முடிவை வைத்தே கொடுத்திருந்தார்கள். கோளாறு 'ஜெனரிக்' என்பதில் இல்லை, மெதுவாகக் கரையும் அந்த ஒரு மாத்திரையின் அமைப்பில்தான் இருந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்தியாவில் எளிதில் கரையாத மருந்துகளுக்கு இந்தச் சமநிலைச் சோதனையை 2017 ஏப்ரலில்தான் விதியாகக் கட்டாயமாக்கினார்கள். அதற்கு முன்பே சந்தைக்கு வந்த பழைய மாத்திரைகள் ஏராளம். ஆக, நம் ஊரில் தரக்குறைவு என்ற பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பயம் விலையைப் பார்த்து வரக் கூடாது. மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதாமாதம் தரம் தேறாத மருந்துகளின் பட்டியலை வெளியிடுகிறது. எடுத்துப் பாருங்கள், பெயர் பெற்ற கம்பெனிகளின் மருந்தும் அதில் வரும். மக்கள் மருந்தகத்துக்கு வரும் மருந்தைத் தொகுதி தொகுதியாக ஆய்வகத்தில் சோதித்த பிறகுதான் கடைக்கு அனுப்புகிறார்கள்.

சரி, இனி வேலையைத் தொடங்குவோம்.

1. வீட்டில் இருக்கும் அட்டையைப் படியுங்கள்

மாத்திரை அட்டையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடியுங்கள். கம்பெனி வைத்த பெயரை விடுங்கள், அதற்குப் பக்கத்தில் மருந்தின் சொந்தப் பெயர் இருக்கும். 2018 செப்டம்பர் முதல், மருந்தின் பெயரைக் கம்பெனி வைத்த பெயரை விட இரண்டு அளவு பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்பது விதி. அதையும், பின்னால் உள்ள மி.கி. அளவையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். "எஸ்சிட்டாலோப்ராம் 10 மி.கி., இரவு ஒன்று" என்கிற மாதிரி. அட்டையை அப்படியே போனில் படம் எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள்.

புள்ளியைக் கவனியுங்கள். பதற்றத்தைக் குறைத்துத் தூக்கம் தரும் குளோனாசிபாம் 0.25, 0.5, 1, 2 என்று பல அளவில் வருகிறது. 0.5க்குப் பதில் 5 என்று எழுதிக்கொண்டு வந்து கவுண்ட்டரில் நின்றவர்கள் உண்டு.

ஒரே மாத்திரையில் இரண்டு மருந்து இருக்கிறதா என்றும் பாருங்கள். கம்பெனிப் பெயருக்குப் பின்னால் 'ப்ளஸ்' என்றோ ஓரிரு எழுத்தோ ஒட்டியிருந்தால் பெரும்பாலும் கலவை மாத்திரை. எஸ்சிட்டாலோப்ராமுடன் குளோனாசிபாம் சேர்ந்த கலவை நம் ஊரில் சர்வசாதாரணமாக ஓடுகிறது. முதல் மாதம் சாதா மாத்திரை, அடுத்த மாதம் கை தவறி 'ப்ளஸ்' வந்தால், ஆள் பகல் முழுக்கத் தூங்கி வழிவார். வீட்டில் உள்ளவர்கள், "ஜெனரிக் ஒத்துக்கலை" என்பார்கள். மாறியது கம்பெனி மட்டும் இல்லை, ஒரு மருந்தே கூடியிருக்கிறது.

2. வால் எழுத்துகளைப் பாருங்கள்

எஸ்ஆர், ஈஆர், எக்ஸ்ஆர், எக்ஸ்எல், சிஆர், க்ரோனோ. பெயருக்குப் பின்னால் இப்படி ஏதாவது இருந்தால், அது வயிற்றுக்குள் மெதுவாகக் கரையும் மாத்திரை. சாதா மாத்திரையும் இதுவும் ஒன்றுக்கொன்று மாற்று ஆகாது. உடைத்தோ பொடித்தோ கொடுக்கவும் கூடாது, சில மாத்திரையை நடுக்கோட்டில் உடைக்கலாம் என்று டாக்டர் சொன்னால் ஒழிய. மேலே சொன்ன புடெப்ரியான் கதை நடந்தது இந்த வகை மாத்திரையில்தான். இவற்றில் கம்பெனி மாற்றுவதானால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே மாற்றுங்கள்.

பெயர் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும் வேறு மருந்துகளும் உண்டு. சிட்டாலோப்ராமும் எஸ்சிட்டாலோப்ராமும் வேறு. முன்னதில் 20 மி.கி. பின்னதில் 10 மி.கி.க்கு ஏறத்தாழச் சமம். வென்லாஃபாக்சினும் டெஸ்வென்லாஃபாக்சினும் வேறு. சோடியம் வால்ப்ரோயேட்டும் டைவால்ப்ரோயெக்ஸும் உறவுக்காரர்கள்தான் என்றாலும், மி.கி.க்கு மி.கி. அப்படியே மாற்றிவிட முடியாது.

3. சீட்டில் மருந்துப் பெயரை எழுதிக் கேளுங்கள்

கடைக்காரர் மாற்றிக் கொடுக்கலாமா என்றால், சட்டப்படி கூடாது. டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டிய மருந்துகளில், எழுதியதற்குப் பதிலாக அதே மருந்து உள்ள வேறு தயாரிப்பைக்கூடத் தரக் கூடாது என்று 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளில் இருக்கிறது. மனநல மருந்துகள் அநேகமாக எல்லாமே இந்தப் பட்டியலில் வரும். நடைமுறையில் தினமும் மாற்றித்தான் கொடுக்கிறார்கள். இருப்பு இல்லை, வந்தவர் தூத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார், திருப்பி அனுப்ப மனசு வராது. சில கடைகளில் லாபம் கூடுதலாக உள்ள கம்பெனியைத் தள்ளிவிடுவதும் உண்டு, அதையும் மறைக்க வேண்டாம்.

இதற்கு நல்ல வழி, டாக்டரிடமே, "சார், மருந்தோட பேரை எழுதித் தாங்க, மக்கள் மருந்தகத்துல வாங்கிக்கிறேன்" என்று கேட்பது. கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள். எல்லா மருத்துவர்களும் ஜெனரிக் பெயரில்தான் எழுத வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் விதி கொண்டுவந்து, அதே மாதம் நிறுத்தியும் வைத்துவிட்டது. எனவே இது நீங்கள் வாய்விட்டுக் கேட்டு வாங்க வேண்டிய விஷயம். சிலருக்குக் குறிப்பிட்ட கம்பெனி மாத்திரையையே தொடர வேண்டும் என்று டாக்டர் நினைத்தால், காரணம் சொல்லச் சொல்லுங்கள். வலிப்பும் உள்ளவர், மனநிலை ஏற்ற இறக்கத்துக்கு லித்தியம் சாப்பிடுகிறவர், பல வருடம் தடுமாறி இப்போதுதான் நிலைக்கு வந்தவர் என்றால் அந்தக் காரணம் நியாயமாகவே இருக்கும்.

4. எங்கே வாங்குவது

இலவசம் வேண்டும் என்றால் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மனநலப் பிரிவில் ஓபி சீட்டு போட்டு, பார்த்து, மருந்தை அங்கேயே வாங்கிவரலாம். அவ்வளவு தூரம் வர முடியாத மேற்கு மாவட்டத்துக்காரர்கள், மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் உங்கள் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கிழமை மாறும், போகும் முன் ஒரு போன் போட்டால் நல்லது.

அரசு மருந்தைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் டெண்டர் விட்டு வாங்கி அனுப்புகிறது. டெண்டர் எடுக்கும் கம்பெனி மாறினால் மாத்திரையின் நிறமும் மாறும். அட்டையில் விற்பனைக்கு அல்ல என்ற முத்திரை இருக்கும், மருந்தின் பெயரும் இருக்கும். அந்தப் பெயரும் மி.கி.யும் உங்கள் நோட்டோடு ஒத்துப்போனால் நிம்மதியாகச் சாப்பிடலாம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவுப்படி, அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகளைச் சமுதாய நல மையம் முதல் மேலே உள்ள அரசு மருத்துவமனைகளில் இலவசமாகத் தர வேண்டும். 'ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கிக்கோங்க' என்றால் சத்தம் போட வேண்டாம். எப்போது வரும், அதுவரை எந்த மருந்துப் பெயரில் வெளியே வாங்குவது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது பிரதமரின் மக்கள் மருந்தகம். சந்தை விலையை விட 50 முதல் 90 சதவீதம் வரை குறைவு என்பது அரசு சொல்லும் கணக்கு. 'ஜன் அவுஷதி சுகம்' என்ற செயலியில் பக்கத்துக் கடையையும் மருந்தின் விலையையும் தேடலாம். தமிழ்நாடு அரசின் முதல்வர் மருந்தகங்கள் 2025 பிப்ரவரி 24 அன்று 1,000 கடைகளுடன் தொடங்கின, அங்கும் ஜெனரிக் மருந்து கிடைக்கும். ஒன்று மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரை அளவுக்கு மனநல மாத்திரைகளின் இருப்பு எல்லாக் கடையிலும் இருக்காது. தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே போய்ச் சொல்லிவைத்தால் வரவழைத்துத் தருவார்கள்.

தனியார் கடையில் வாங்கினால், ஒரே கடையில் வாங்குங்கள். இது சாதாரண அறிவுரை மாதிரித் தெரியும், ஆனால் நம் மாவட்டத்தில் இதைக் கடைப்பிடிப்பது சுலபம் இல்லை. தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று, கருங்கல்காரர் மார்த்தாண்டத்தில் வாங்குவார், மார்த்தாண்டத்துக்காரர் நாகர்கோவிலில் வாங்குவார், அதிலும் ஒவ்வொரு மாதம் ஒவ்வொரு கடை. அந்த வெட்கத்துக்கு விலை, மாதாமாதம் மாறும் மாத்திரை. தூரத்துக் கடையானாலும் பரவாயில்லை, ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். கடைக்காரருக்கு உங்கள் மாத்திரை பழகிவிட்டால் அந்தக் கம்பெனியை உங்களுக்காக எடுத்து வைப்பார்.

5. கவுண்ட்டரில் நிற்கும்போது

"இந்தக் கம்பெனி தீர்ந்துபோச்சு, வேற தரட்டா?" என்றால், உடனே சரி என்றும் சொல்ல வேண்டாம், வேண்டாம் என்றும் சொல்ல வேண்டாம். அட்டையைக் கையில் வாங்கி நாலு விஷயம் பாருங்கள். மருந்தின் பெயர், மி.கி., வால் எழுத்து, காலாவதித் தேதி. நாலும் சரியா இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், டாக்டருக்கும் போனில் சொல்லிவிடுங்கள். ஒன்று இடித்தாலும் வேண்டாம். பழைய கம்பெனி எப்போது வரும் என்று கேளுங்கள், இல்லையென்றால் அடுத்த கடை.

அட்டையை வெட்டி எண்ணிக்கைக்குத் தருவது நம் கடைகளில் வழக்கம். வெட்டும்போது பெயரும் தேதியும் உள்ள துண்டு கடையிலேயே தங்கிவிடும், உங்கள் கையில் வெறும் வெள்ளித் தாளும் நாலு மாத்திரையும். மனநல மருந்தில் மட்டும் இதற்குச் சம்மதிக்காதீர்கள். முழு அட்டையாக வாங்குங்கள், அல்லது பெயர் உள்ள பக்கத்திலிருந்து வெட்டித் தரச் சொல்லுங்கள். பில்லும் கேளுங்கள், அதில் தொகுதி எண் இருக்கும், பிறகு புகார் சொல்ல வேண்டிவந்தால் அதுதான் ஆதாரம்.

சீட்டு இல்லாமல் அல்ப்ராசோலாமோ டயஸிபாமோ கேட்டுக் கடைக்காரரிடம் மல்லுக்கு நிற்காதீர்கள். அவை மருந்து விதிகளில் கூடுதல் கட்டுப்பாடு உள்ள எச்1 பட்டியலில் வருபவை. யாருக்கு, எந்த டாக்டர் சீட்டில் விற்றோம் என்று கடைக்காரர் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும்.

6. மாற்றிய பிறகு

மாற்றிய தேதியை நோட்டில் குறியுங்கள். தூக்கம், பசி, படபடப்பு, கை நடுக்கம் இவற்றை இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு வரி எழுதினால் போதும். பார்த்துக்கொள்பவர் எழுதினால் இன்னும் நல்லது.

நிறம் மாறியதாலேயே சிலருக்கு ஒத்துக்கொள்ளாதது போலத் தோன்றும். அது நடிப்பு இல்லை, அந்தச் சங்கடம் உண்மையாகவே உடம்பில் தெரியும். அதனால் மாத்திரையை மறைத்துக் கொடுக்காமல், சாப்பிடுபவரிடம் அட்டை இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டி, "பேரு ஒண்ணுதான், பாருங்க" என்று சொல்லிக் கொடுங்கள். சந்தேகக் குணம் உள்ள நோயில் இது இன்னும் அவசியம். திடீரென்று மாறிய மாத்திரையை விஷம் என்று நினைத்துத் துப்பியவர்கள் இருக்கிறார்கள்.

உண்மையான வித்தியாசமும் வரலாம். மாத்திரையில் மருந்து தவிர மாவுப்பொருள், சாயம், லாக்டோஸ் எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். பால் சர்க்கரை ஒத்துக்கொள்ளாதவருக்கு வயிறு உப்பலாம், சாயத்தால் சிலருக்குத் தடிப்பு வரலாம். மாத்திரையால் வந்தது எது, தற்செயல் எது என்று நீங்களே முடிவு செய்ய வேண்டாம், நோட்டை டாக்டரிடம் காட்டுங்கள். எது வந்தாலும் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தாதீர்கள். உடம்பெங்கும் தடிப்பு, முகம் வீங்குவது, மூச்சுத் திணறல் என்றால் மட்டும் அடுத்த வேளை மாத்திரைக்குக் காத்திராமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள். தன்னைத்தானே முடித்துக்கொள்ளும் பேச்சு வந்தால் ஆளைத் தனியே விடாமல் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் பேசுங்கள், தமிழிலேயே எந்த நேரமும் பேசலாம்.

லித்தியம் சாப்பிடுகிறவர்களுக்குத் தனியாக

இதற்கு மட்டும் ஏன் தனி இடம்? லித்தியத்தில் வேலை செய்யும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. இரத்தத்தில் பெரும்பாலும் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை வைத்திருப்பார்கள், 1.5ஐத் தாண்டினால் ஆபத்து ஆரம்பம். 300 மி.கி. சாதா மாத்திரையும் 400 அல்லது 450 மி.கி. மெதுவாகக் கரையும் மாத்திரையும் கடையில் இருக்கின்றன. ஒன்றுக்குப் பதில் இன்னொன்று கைமாறினால் கணக்கே மாறிவிடும். கம்பெனியோ வகையோ மாற்றினால், ஒரு வாரம் போல விட்டு இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். இரவு மாத்திரை சாப்பிட்ட 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்பு இரத்தம் கொடுக்க வேண்டும்.

நம் மாவட்டத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. குளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் இருந்து வாரக்கணக்கில் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள், குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டிவிட்டு வெயில் ஏறும் வரை வேலை செய்கிறவர்கள் எல்லாம் வேர்த்துக் கொட்டுகிறவர்கள். வேர்வையில் உப்பும் நீரும் போனால் லித்தியம் உடம்பில் தேங்கும். உடம்பு வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போட்டால் இன்னும் ஏறும். வலி மாத்திரை வாங்கும்போது, "லித்தியம் சாப்பிடுகிறேன்" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். நடுக்கம் கூடுவது, வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம், பேச்சுக் குழறல் வந்தால் மாத்திரை மாறியதாலா, வெயிலாலா என்று விவாதிக்க நேரம் இல்லை, உடனே மருத்துவமனை.

குளோசபின் என்ற மனச்சிதைவு மருந்து சாப்பிடுகிறவர்கள் எந்தக் கம்பெனி ஆனாலும் இரத்த அணுப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. வால்ப்ரோயேட்டில் வேறு எச்சரிக்கை. கருவில் உள்ள குழந்தையை அது கடுமையாகப் பாதிக்கும். கம்பெனிப் பெயர் மாறிவிட்டதால் இது அதே மருந்துதான் என்று தெரியாமல் சாப்பிட்டுவரும் பெண்கள் உண்டு. கல்யாணமோ குழந்தையோ பேச்சு வந்தாலே டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள், தானாக நிறுத்தவும் வேண்டாம்.

எல்லை தாண்டி வாங்குகிறவர்கள், வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள்

களியக்காவிளை பக்கத்தவர்களுக்குத் திருவனந்தபுரம்தான் பக்கம். அங்கே ஒரு டாக்டர், நாகர்கோவிலில் ஒரு டாக்டர் என்று பார்ப்பது சகஜம். இரண்டு சீட்டிலும் வேறு வேறு கம்பெனிப் பெயர் இருக்கும், உள்ளே இருப்பது ஒரே எஸ்சிட்டாலோப்ராம். இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டு மயங்கிக் கிடப்பதற்கு வேறு காரணமே வேண்டாம். நோட்டில் மருந்துப் பெயர் எழுதச் சொன்னது இதற்கும்தான். புது டாக்டரிடம் போகும்போது நோட்டைத்தான் முதலில் நீட்ட வேண்டும்.

துபாயிலோ தோஹாவிலோ சிப்ராலெக்ஸ் சாப்பிட்டுப் பழகியவர், ஊருக்கு வந்ததும், "இங்கே கிடைக்கிறது ஒரிஜினல் இல்லை" என்று அங்கிருந்து ஆறு மாதத்துக்கு வரவழைப்பார். பணம் இருந்தால் அவர் விருப்பம். ஆனால் வருவது தாமதமாகி இடையில் பத்து நாள் மாத்திரை இல்லாமல் போனால் நஷ்டம் அதிகம். இங்கே உள்ள எஸ்சிட்டாலோப்ராமுக்கு டாக்டர் மேற்பார்வையில் மாறிவிடுவதே மேல். இங்கிருந்து எடுத்துப்போகிறவர்கள் மருந்துப் பெயரில் எழுதிய சீட்டை வைத்துக்கொள்ளுங்கள், நம் கம்பெனிப் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. அமீரகத்துக்குக் குளோனாசிபாம், அல்ப்ராசோலாம் போன்றவற்றைக் கொண்டுபோக அந்நாட்டு அரசின் முன் அனுமதி தேவை. அதை வாங்காமல் பெட்டியில் போட்டுக்கொண்டு போய் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

வைத்துக்கொள்வது, புகார் சொல்வது

கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். சோடியம் வால்ப்ரோயேட் ஈரத்தை உறிஞ்சும். அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போட்டு வைத்தால் பிசுபிசுத்துவிடும். எந்தக் கம்பெனி ஆனாலும் சாப்பிடும் நேரம் வரை அட்டையிலேயே இருக்கட்டும். அடுக்களை ஜன்னல் பக்கம் வேண்டாம், பீரோவில் வையுங்கள். 2017இல் ஒக்கிப் புயல் வந்தபோது மரம் விழுந்து சாலை அடைபட்டு, கரண்ட் இல்லாமல் கடைகள் மூடிக் கிடந்தன. ஒரு வாரத்துக்கான மாத்திரை எப்போதும் கூடுதலாக இருக்க வேண்டும் என்று அதற்கப்புறம் நான் எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். புதிது வாங்கியதும் பழையதை முதலில் எடுத்துச் சாப்பிட்டுவிட்டால் காலாவதிப் பிரச்சினை வராது.

மாத்திரை உடைந்து தூளாகிறது, நிறம் புள்ளி புள்ளியாக மாறியிருக்கிறது, மாற்றியதிலிருந்து பக்கவிளைவு தெளிவாகத் தெரிகிறது என்றால் அட்டையைத் தூக்கி எறியாதீர்கள். அட்டையும் பில்லும் இருந்தால் கடையில் திருப்பிக் கேட்கலாம். பக்கவிளைவை 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நோயாளியே நேரடியாகச் சொல்லலாம். மக்கள் மருந்தகம் பற்றிய புகாருக்கு 1800-180-8080. பேசும்போது மருந்தின் பெயர், கம்பெனி, தொகுதி எண், எந்தத் தேதியிலிருந்து சாப்பிடுகிறீர்கள் என்பதைக் கேட்பார்கள்.